ஏரித் தண்ணீர்ப்பாம்பு: அடையாளம், கடி, வலை, தூர்வாரும் வேலை

குடியாத்தம் பக்கத்து ஏரிப்பாசனக் கிராமத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஏரியிலும் கிணற்றிலும் கட்டம் போட்ட பாம்பு நிறைய இருக்கிறது; விரட்டினால் தலையைத் தூக்கிக் கழுத்தை விரிக்கிறது; மீன் குத்தகைக்காரரின் வலையில் அடிக்கடி மாட்டிச் சாகிறது; இந்தக் கோடையில் ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள். விஷமுள்ளதா, அடித்துப் போடலாமா, விட்டுவைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் தண்ணீர்ப்பாம்புக்குப் பொருந்துகின்றன. மனிதருக்கு ஆபத்து தரும் விஷம் இதற்கு இல்லை. அடிப்பது சட்டப்படி குற்றம். இதைக் காப்பாற்ற ஏரியில் தண்ணீர் நின்றால் மட்டும் போதாது. கோரையும் சேறும் வளைகளுமாகக் கிடக்கும் ஏரியோரம்தான் இதன் வீடு. வலை விரிப்பதும் தூர்வாருவதும் அந்த ஓரத்தில்தான் இதைக் கொல்கின்றன. ஆகவே கீழே பாம்பைப் பற்றி எவ்வளவு சொல்கிறேனோ அவ்வளவு ஏரியோரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அடையாளம். அறிவியல் பெயர் ஃபௌலியா பிஸ்கேட்டர். 1799-இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய இயற்கையாளர் முதலில் விவரித்தார். பழைய நூல்களில் நேட்ரிக்ஸ் என்றும், அண்மைக்காலம் வரை ஸீனோக்ரோஃபிஸ் என்றும் இருக்கும். மூன்றும் ஒரே பாம்புதான். வளர்ந்தவை பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று அடி. பெட்டை பெரிதாக வளரும், அரிதாக ஐந்தடியைத் தாண்டியதும் உண்டு. நிறத்தை நம்ப முடியாது. மஞ்சள் கலந்த பழுப்பு, ஆலிவ் பச்சை, சாம்பல், ஏறக்குறைய கறுப்பு என்று ஒரே ஏரியிலேயே பல நிறத்தில் கிடைக்கும். உடம்பில் கறுப்புப் புள்ளிகள் வரிசை மாறி மாறி அமைந்து சதுரங்கக் கட்டம் போலத் தெரியும். வயிறு வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். நிறத்தைவிட நம்பகமான குறி முகத்தில் இருக்கிறது: கண்ணுக்குக் கீழிருந்து ஒன்றும் கண்ணுக்குப் பின்னாலிருந்து ஒன்றுமாக இரண்டு மெல்லிய கருங்கோடுகள் சாய்வாக இறங்கி உதட்டோரத்தைத் தொடும். கிழடானவற்றிலும் கருத்தவற்றிலும் இந்தக் கோடு மங்கிப்போயிருக்கலாம்.

நல்லபாம்பு என்று நினைத்து அடிப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கிறது. தண்ணீர்ப்பாம்பு மடக்கப்பட்டால் முன்னுடம்பைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கும். பார்ப்பவருக்குப் படம் எடுத்தது போலவே இருக்கும். நல்லபாம்பு கழுத்து விலா எலும்புகளை அகல விரித்து, தலையைவிடப் பல மடங்கு அகலமான படத்தை நிறுத்தும். அப்படியே நின்று ஆடும். தண்ணீர்ப்பாம்பின் கழுத்து தலையளவுக்கோ சற்று அதிகமாகவோதான் விரியும். அதை நெடுநேரம் நிறுத்தாது, உடனே பாய்ந்து கொத்தும் அல்லது தண்ணீரில் குதித்துவிடும். நல்லபாம்பின் செதில் வழவழப்பாகப் பளபளக்கும். இதன் முதுகுச் செதில்களில் நடுவே ஒரு மெல்லிய மேடு ஓடுவதால் சொரசொரப்பாகத் தெரியும்.

கண்ணாடி விரியனோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. விரியன் தடித்த உடம்பு, குட்டை வால், முக்கோணத் தலை. முதுகில் சங்கிலி கோத்தது போல மூன்று வரிசை நீள்வட்டப் புள்ளிகள். கிட்டே போனால் சுருண்டு குக்கர் ஆவி விடுவது போல உரக்கச் சீறும். தண்ணீர்ப்பாம்பு அவ்வளவு உரக்கச் சீறுவதில்லை, ஒரே இடத்தில் சுருண்டு கிடக்கவும் செய்யாது. கட்டுவிரியன் இரவில் திரிவது, கருநீல உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீரில் இருப்பதெல்லாம் தண்ணீர்ப்பாம்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நல்லபாம்பும் விரியனும் நன்றாக நீந்தும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளத்தோடு கழனிக்கும் கிணற்றுக்கும் வந்து சேரும். கண்ணோரக் கோட்டைப் பார்க்கிறேன் என்று குனிந்து கிட்டே போகிறவர்தான் கடிபடுகிறார். இரண்டு மீட்டர் தள்ளி நின்று செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பிறகு பாருங்கள். உரித்துப் போட்ட சட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, ஆபத்தில்லாமல் எண்ணலாம்: நடுவுடம்பில் குறுக்கே 19 வரிசைச் செதில், அதில் மேடு, தலையில் பெரிய தகடுகள் இருந்தால் அது தண்ணீர்ப்பாம்பு வகை. கண்ணாடி விரியன் சட்டையில் 27 அல்லது அதற்கு மேல் வரிசை இருக்கும், தலையில் பொடிப்பொடிச் செதில்களே இருக்கும். சாரைக்கு நடுவுடம்பில் 17-க்கு மேல் போகாது.

இதே குடும்பத்தில் ஆபத்தில்லாத இன்னும் இரண்டு பாம்புகள் நம் பக்கத்து நீர்நிலைகளையொட்டி வாழக்கூடியவை. ஒன்று, முதுகு ஒரே ஆலிவ் பச்சையாகவும் வயிறு மஞ்சள் அல்லது ஆரஞ்சாகவும் இருக்கும் பச்சைத் தண்ணீர்ப்பாம்பு. கட்டமே இராது, கையில் எடுத்தாலும் கடிப்பது அபூர்வம். மற்றொன்று, பழுப்பு முதுகின் இரு பக்கமும் மஞ்சள் கோடு ஓடும் ஒல்லியான சிறு பாம்பு. இது வரப்புப் புல்லில் தேரை, தவளை தேடித் திரியும். தண்ணீரைவிட ஈரத் தரையில் அதிகம் இருக்கும். கடலோரக் கழிமுகத்தில் வேறு தண்ணீர்ப்பாம்புகள் உண்டு, அவை வேலூர்ப் பக்கம் வருவதில்லை.

கடித்தால்? இது சாதுவான பாம்பு என்று சொல்லமாட்டேன். மடக்கினால் வேகமாக, திரும்பத் திரும்பக் கடிக்கும். பல் சிறியது, கூரியது, பின்னோக்கி வளைந்தது. கையை வெடுக்கென இழுத்தால் தோல் கிழிந்து ரத்தம் நன்றாக வரும். ரத்தத்தைப் பார்த்துத்தான் பாதிப் பயம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் தடுப்பு ஊசி தவணை கடந்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் கடித்தது எது என்று சிறிதளவு சந்தேகம் இருந்தாலும் விஷப்பாம்பு கடித்ததாகவே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, பச்சிலைக்கு நேரம் போக்கக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். அங்கே ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். விரியன் விஷம் ஏறியிருந்தால் பெரும்பாலும் உறையாது. நல்லபாம்பும் கட்டுவிரியனும் ரத்தத்தை அப்படி மாற்றாது. அதனால் கண்ணிமை தொங்குகிறதா, மூச்சு தளர்கிறதா என்று பல மணி நேரம் வைத்துக் கவனிப்பார்கள். அறிகுறி இல்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றமாட்டார்கள். அந்த மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும் என்பதால் அது சரியான முடிவு. ‘பாம்பு கடித்தும் ஊசி போடவில்லை’ என்று மருத்துவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அதேபோல் அடையாளம் காட்டுவதற்காகப் பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தனியார் மருத்துவமனையும் பதிவு செய்தாக வேண்டும்.

இனி அதன் வாழ்க்கை. பகலிலும் இரவிலும் இரை தேடும். தவளை, தலைப்பிரட்டை, சிறு மீன் இவைதான் முக்கிய உணவு. எப்போதாவது எலியும் சிறு பறவையும். இதை எலி பிடிக்கும் உழவர் நண்பன் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த வேலையைச் செய்வது சாரைப்பாம்பு. தண்ணீர்ப்பாம்பைக் காப்பாற்ற இல்லாத பெருமை தேவையில்லை. ஏரியில் தவளைக்கும் மீனுக்கும் மேலே, கொக்கு, பருந்து, கீரிப்பிள்ளைக்குக் கீழே இருக்கும் உணவுச் சங்கிலிக் கண்ணி இது. குட்டிகளை விராலும் பெரிய தவளையும்கூட விழுங்கும்.

மார்கழி முதல் பங்குனி வரையான மாதங்களில் பெரும்பாலும் முட்டையிடும். ஒரு தடவைக்கு 20 முதல் 40 வரை சாதாரணம். பெரிய பெட்டைகள் 80-க்கு மேல் இட்டதும் பதிவாகியிருக்கிறது. எலிவளை, நண்டுவளை, கரையின் பொந்து, மக்கிய இலைக்குவியல் என்று ஈரமும் சூடும் குறையாத இடமாகப் பார்த்து இடும். முட்டைகள் தோல்போல மெத்தென்று, ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாக இருக்கும். தாய் சில சமயம் முட்டைகளோடு தங்கியிருக்கும். பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதம். குட்டி ஒரு சாண்கூட இராது, பிறந்த அன்றே தனியாக நீந்தும்.

இந்தக் கணக்கை நம் ஏரியின் ஆண்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. பழைய வடஆற்காட்டின் நீர்வாழ்வு முழுக்க ஏரிகளை நம்பியது. ஏரி ஐப்பசி, கார்த்திகையில் நிரம்புகிறது. பங்குனி, சித்திரையில் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கி நடுவில் குட்டையாகச் சுருங்குகிறது. குட்டி பொரிந்து வெளியே வருவது சரியாக அந்தச் சமயத்தில்தான். கரைக்கும் குட்டைக்கும் இடையே நூறு, இருநூறு மீட்டர் வெடித்த மண். அந்த இடைவெளியைக் குட்டி கடக்க, ஈரம் உள்ள கோரைத் திட்டும் மதகடி வாய்க்காலும் வேண்டும். இரண்டும் இல்லாத ஏரியில் குட்டிகள் வெயிலிலும் பறவையின் வாயிலும் முடிந்துபோகின்றன. கோடைமழை ஒன்று பெய்து தவளை கத்தினால் பிழைப்பு. பெரிய பாம்புகள் இந்த மாதங்களில் கிணற்றுக்கும் ஆற்று மடுவுக்கும் நகரும்.

முன்பு பாலாற்றுப் படுகையில் ஊற்றுக்கால்வாய்கள் இருந்தன. மணலில் கசியும் நீரைக் கழனிக்குக் கொண்டுவருபவை. கோடையிலும் ஈரம் காயாத இடங்கள். மணலை அள்ளி அள்ளி ஆற்றின் அடிமட்டம் இறங்கியபோது அவற்றில் பெரும்பாலானவை வறண்டன. தண்ணீர்ப்பாம்பின் கோடைப் புகலிடத்தில் ஒரு பெரிய துண்டு அப்படிப் போயிற்று. எஞ்சியிருப்பது கிணறுதான்.

உங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கல் கட்டிய பழைய கிணற்றில் சந்துகள் இருக்கும், பாம்பு ஏறி இறங்கும். அங்கே ஒன்றும் செய்ய வேண்டாம். உள்ளே தவளையும் கெண்டையும் இருந்தால் அது அங்கேயே காலம் தள்ளும். சிமெண்ட் பூசிய கிணற்றிலும் உறை இறக்கிய கிணற்றிலும்தான் விழுந்தால் ஏற முடியாமல் மாதக்கணக்கில் நீந்திச் சாகிறது. ஆள் இறங்கிப் பிடிக்க வேண்டாம். கை மொத்தத் தேங்காய்நார்க் கயிறு ஒன்றை மேலே தூணிலோ மரத்திலோ கட்டி, அடி நுனியை மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேனில் கட்டித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கினாலும் கயிறு எட்டும். கயிறு சுவரை ஒட்டித் தொங்க வேண்டும், நடுவில் தொங்கினால் பாம்பு தேடி வராது. நைலான் கயிறு வழுக்கும்.

இப்போது வலை. ஏரிக் குத்தகையில் விரிக்கும், மெல்லிய நைலான் இழையாலான தங்கூசி வலைதான் கண்ணுக்குத் தெரிந்து கொல்வது. வலையில் துடிக்கும் மீனைப் பிடிக்கப் பாம்பு வருகிறது. தலையும் கழுத்தும் கண்ணிக்குள் நுழைந்துவிடுகின்றன. உடம்பின் தடித்த பகுதியில் நூல் இறுகுகிறது. பின்வாங்கினால் செதிலின் ஓரத்தில் நூல் கொளுவுகிறது. பாம்புக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மேலே வந்து மூச்சுவிட முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். ஆகவே எப்படி விரிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோரையையும் ஆகாயத்தாமரையையும் ஒட்டி விரிக்காமல் ஐந்தாறு மீட்டர் உள்ளே தள்ளி விரிக்கலாம். அடியில் இழுத்துக் கட்டாமல், மிதவைக் கயிறு நீர்மட்டத்திலேயே தளர்வாக நிற்க விட்டால் மாட்டிய பாம்பு மூக்கை வெளியே நீட்ட முடியும். சாயங்காலம் போட்டு விடியலில் எடுக்கும் வழக்கத்தை மாற்றி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் பாம்பு மட்டுமல்ல, மீனும் உயிரோடு கிடைக்கும், விலையும் கூடும். கடைசிக் காரணத்தைச் சொல்லித்தான் குத்தகைக்காரரிடம் பேச்சைத் தொடங்க வேண்டும். பாம்புக்காக வலையை மாற்றச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார். கிழிந்த வலையைக் கரையில் எறிவதும் முள்ளில் மாட்டி விடுவதும் மோசம். அது வருடக்கணக்கில் பாம்பையும் பறவையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். சுருட்டி எடுத்துப் போய்விட வேண்டும்.

மாட்டிய பாம்பு உயிரோடு இருந்தால் பாம்பை இழுக்காதீர்கள். அந்தப் பகுதி வலையை அப்படியே மேலே தூக்கிக் கரையில் நிழலில் வைத்து, ஈரத்துணியை மேலே போட்டுவிட்டு வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். மூச்சு கிடைத்துவிட்டால் அவசரம் பாதி குறைந்தது. பழகிய ஆள் தலையைத் துணியோடு பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முனை மழுங்கிய கத்தரியால் நூலை ஒவ்வொன்றாக வெட்டுவார். செதிலுக்கடியில் ஒரே ஒரு சுற்று நூல் விட்டுப்போனாலும் பாம்பு இரை விழுங்கும்போது அது இறுகி உடம்பை அறுக்கும். வெட்டியபின் விரலால் உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பது இதனால்தான். விடுவிப்பது அதே ஏரியில் அதே கரையில். பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் கொண்டுபோய் விடுவது உதவி ஆகாது. அறிந்த பொந்தும் இரையும் இல்லாத இடத்தில் அது அலைந்து சாகும். வால் நுனி இல்லாத பாம்பைக் கண்டால் பயப்பட வேண்டாம். பிடியில் சிக்கினால் இதன் வால் ஒடிந்து போகும். பல்லிக்கு வளர்வது போல மறுபடி வளராது.

மீன்குஞ்சுக் குட்டை வைத்திருப்பவர் பாம்பால் நஷ்டம் என்று சொன்னால் அது உண்மைதான், மறுக்க வேண்டாம். பொடிக்குஞ்சு விட்ட சிறு குட்டைக்குள் இரண்டு மூன்று பாம்பு தங்கினால் இழப்பு தெரியும். குட்டையைச் சுற்றி அரை மீட்டருக்கு மேல் உயரமாக நிழல்வலைத் துணி நிறுத்தி, அடியை ஒரு சாண் மண்ணில் புதைத்து, மேல்பக்கம் வெளியே சற்றுச் சாய்த்துக் கட்டினால் ஏறி வராது. துணியின் கண் அரை சென்டிமீட்டரை விடச் சிறியதாக இருக்க வேண்டும். பறவைக்குப் போடும் அகலக் கண் நைலான் வலையைத் தரையோடு போட்டால் அதிலேயே மாட்டி நாறும். சுற்றிலும் ஒரு மீட்டருக்குப் புல்லை ஒட்ட வெட்டுங்கள். பெரிய ஏரியில் விடும் குஞ்சு விரல் நீளத்துக்கு மேல் இருந்தால் பாம்பு தொடும் பங்கு மிகச் சிறியது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஏரியில் விட்டிருந்தால் அது தின்னும் கணக்கை முதலில் பாருங்கள்: நாட்டு மீன், தவளை, பாம்புக்குட்டி எதையும் விடாது.

தூர்வாருவது பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஏரியில் அது இன்னும் நடக்கவில்லை. ஊரார் பங்களிப்போடு ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து 2017-இல் மறுபடி தொடங்கியதிலிருந்து நம் மாவட்டங்களில் பல ஏரிகளில் மண் எடுத்திருக்கிறார்கள். ஏரி ஆழமாவது நல்லதே. தவறு நடப்பது விளிம்பில். ஜேசிபி ஓட்டுபவர் கரையின் உள்பக்கத்தைச் சுவர்போலச் செங்குத்தாக வெட்டுகிறார். கோரை, நாணல் எல்லாவற்றையும் ‘குப்பை’ என்று வழித்துவிடுகிறார்கள், அல்லது முந்தின நாளே தீ வைக்கிறார்கள். கரைக்கு சிமெண்ட் கலவை பூசிக் கல் பதிக்கிறார்கள். இம்மூன்றும் சேர்ந்தால் ஏரியில் தண்ணீர் நிற்கும். தவளை முட்டையிட இடம் இராது, பாம்பு முட்டையிடப் பொந்து இராது, குட்டி தண்ணீரிலிருந்து கரையேற வழி இராது.

பஞ்சாயத்திலும் நீர்வளத்துறைப் பொறியாளரிடமும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கரையோர மண்வேலையை வைகாசி நடுவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும், அதற்குள் பெரும்பாலான முட்டை பொரிந்துவிடும்; ஏரியின் நடுப்பகுதியில் சித்திரையிலேயே தொடங்கலாம். விளிம்பில் நாலில் ஒரு பங்கையாவது, உபரிநீர் வழியும் கலங்கல் பக்கமோ வாய்க்கால் வந்து விழும் பக்கமோ, கோரையோடு அப்படியே விட வேண்டும். இரண்டு ஆண்டாகப் பிரித்து ஒரு பாதி இந்த ஆண்டு, மறுபாதி அடுத்த ஆண்டு என்று செய்ய ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது. வெட்டிய ஓரம் ஓரடி ஆழத்துக்கு மூன்று, நாலடி நீளம் என்று சாய்வாக இறங்க வேண்டும். கால்நடை இறங்கித் தண்ணீர் குடிக்கவும் அதுவே வசதி, அந்தக் காரணத்தை ஊர் உடனே ஏற்கும். கல் பதிப்பதானால் பழைய முறைப்படி கலவை இல்லாமல் அடுக்கட்டும்; சந்துகள் வளையாகும். நடுவில் ஒரு மடு மட்டும் சுற்றுமட்டத்தைவிட ஆழமாக இருந்தால் சித்திரை கடைசி வரை தண்ணீர் நிற்கும். இயந்திரம் கரையில் தொடங்கி, விட்டுவைத்த கோரைப் பக்கத்தை நோக்கி மெதுவாக நகர்ந்தால் உயிர்கள் அந்தப் பக்கம் ஒதுங்கும். நாலு பக்கமிருந்தும் சூழ்ந்து வந்தால் நடுவில் சிக்கி நசுங்கும்.

வேலையில் முட்டைக்குவியல் வெளிப்பட்டால் தொடாமல், எடுத்த மண்ணையே ஈரமாக்கி மேலே மூடி, அந்த இரண்டு மீட்டரைக் கொடி நட்டு ஒதுக்கிவிடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாம்பு முட்டையைக் கோழிமுட்டை போல உருட்டக் கூடாது. இட்ட சில நாளிலேயே கரு உள்பக்க ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், மேல் கீழாகத் திருப்பினால் அழிந்துவிடும்.

தோல் தொழிற்சாலைக் கழிவைப் பேசாமல் வேலூர் நீர்நிலை பற்றிய பதில் முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வழியே பாலாற்றில் கலந்த கழிவு குறித்து 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அந்த வழக்கில் வேரூன்றியது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். தவளைக்கு உடனடிக் கேடு உப்பு. உப்பிட்ட பச்சைத்தோலை ஊறவைத்துக் கழுவிய நீரில் உப்பு மிக அதிகம். தவளை தோல் வழியே தண்ணீர் குடிக்கும் உயிர், தலைப்பிரட்டை அதைவிட மென்மையானது. பாம்பு உப்புத் தண்ணீரைச் சில காலம் தாங்கும், தவளை இல்லாமல் தாங்காது. கழனியில் நடவு முடிந்ததும் தூவும் குருணை மருந்தும் இதே வேலையைச் செய்கிறது. தூவிய வயலின் நீரை ஏரி வாய்க்காலில் வடிக்காமல் சில நாள் வரப்புக்குள் கட்டிவைப்பது குறைந்தபட்சம் செய்யக்கூடியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தண்ணீர்ப்பாம்பு இருப்பதை வைத்து ஏரி நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வேலூர் நகரத்துச் சாக்கடை போன்ற கழிவுநீரிலும் இது வாழ்ந்துவிடும். அங்கே ஜிலேபி மீனும் தேரையும் போதும் இதற்கு. பலவகைத் தவளையும் குட்டிப் பாம்பும் ஆண்டுதோறும் தெரிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

சட்டம். 1972-ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டம் இதைப் பாதுகாக்கிறது. 2022-இல் திருத்திய சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கொல்வது, பிடித்து வைப்பது, தோலை விற்பது எல்லாம் சிறைக்குரிய குற்றம். இந்தப் பாம்பு ஒருகாலத்தில் தோலுக்காகப் பெருமளவில் கொல்லப்பட்டது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976-இல் தடை செய்யப்படும்வரை சாரையும் தண்ணீர்ப்பாம்பும் செருப்பாகவும் பணப்பையாகவும் வெளிநாடு போயின. அந்தத் தொழிலில் கூலிக்குப் பிடித்துக் கொடுத்த இருளர்கள் தடைக்குப் பின் பிழைப்பிழந்தார்கள். 1978-இல் செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து விஷமுறிவு மருந்துக்குத் தருகிறது. உங்கள் ஊர்ப்பக்கத்து இருளர் குடும்பங்களில் பெரியவர்கள் இருந்தால் தூர்வாரும் வேலைக்கு முன் அவர்களைக் கூலி கொடுத்துக் கரையைச் சுற்றிவரச் சொல்லுங்கள். எந்த வளையில் என்ன இருக்கிறது என்று தடம் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பிடிக்கும் வேலை மட்டும் வனத்துறை அனுமதியோடு நடக்கட்டும். உலக அளவில் இந்தப் பாம்பு அழிவு அபாயம் குறைந்த பட்டியலில்தான் இருக்கிறது. பாகிஸ்தானிலிருந்து மியான்மர் தாண்டியும் பரவியிருப்பதால் வந்த மதிப்பீடு அது. உங்கள் ஏரியில் அது நிலைக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

வீட்டுக்குள் வந்துவிட்டால் கதவைத் திறந்து, வெளியே போகும் பக்கத்து விளக்கை அணைத்து, ஆளும் நாயும் விலகினால் தானாகப் போய்விடும். மண்ணெண்ணெய், பினாயில், பூண்டுக் கரைசல் எதுவும் பாம்பைத் தடுக்காது. ஏரிக்கரையில் ஊற்றினால் தவளைதான் சாகும். ‘ஜோடி பழிவாங்க வரும்’ என்ற பேச்சுக்கும் அடிப்படை இல்லை, பாம்புகள் ஜோடியாகக் குடித்தனம் நடத்துவதில்லை.

ஏரி வேலை தொடங்குமுன் ஒரு கணக்கு எடுத்து வைத்தால் பிறகு பேச ஆதாரம் இருக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, இரவு ஏழு முதல் ஒன்பது மணிக்குள், இரண்டு பேர் முழங்கால்வரை கம்பூட்ஸ் போட்டு, தலையில் விளக்கு மாட்டி, கரையின் ஒரே அரை கிலோமீட்டரை ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். தண்ணீர் மதகின் எந்தப் படியில் நிற்கிறது, அன்று மழை உண்டா, பார்த்த பாம்பு எத்தனை, அதில் ஒரு முழத்துக்குக் குறைந்த குட்டி எத்தனை, வலையில் செத்தது எத்தனை, கரைச் சாலையில் வண்டியில் அடிபட்டது எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். படங்களை, உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் அடையாளத்தைப் பிறர் சரிபார்த்துத் தருவார்கள். கை வைத்து எதையும் தூக்கிப் பார்க்க வேண்டாம். தூர்வாரிய பின்னும் அதே அரை கிலோமீட்டரை அதே மாதங்களில் நடந்தால், கோரை விட்டுவைத்த பக்கத்துக்கும் வழித்தெடுத்த பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் நோட்டிலேயே தெரியும். அடுத்த மீன் குத்தகை ஏலத்தில் வலை நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.